இடது சிக்னலுக்கு ஆடிய குதிரை

வீட்டு மகாராணி ஹசிந்தாவுக்கு, வயோமிங் மலைகளையே நடுங்க வைக்கும் உன் எலாடியோ எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? உன் அம்மா இன்னும் என்னைத் திட்டுகிறாரா? யாருமே நம்பாத கதை ஒன்றைச் சொல்வதாகச் சத்தியம் செய்து ஆரம்பிக்கிறேன்.

முதலாளி கிளேட்டனின் பிக்கப் வண்டி நம் கல்யாணத்தைவிடப் பழையது. பிரேக் பெடலை மிதித்தால் பின்னால் வரும் குதிரை டிரெய்லரும் பிரேக் பிடிக்க, ஒரு பெட்டியைப் பொருத்தச் சொன்னார். மூக்குக் கண்ணாடி இல்லாத நான், பெடலடியில் சேர்க்கவேண்டிய சிவப்பு ஒயரைப் பின்பக்கத்து இடது விளக்கில் சேர்த்துவிட்டேன். பழைய வண்டியில் பிரேக்குக்கும் சிக்னலுக்கும் அங்கே ஒரே ஒயர். இடது சிக்னல் போட்டதும் டிரெய்லர் விட்டு விட்டுப் பிரேக் பிடித்தது. உள்ளே சினைக்குதிரை கல்யாண ஆட்டம் ஆட, வேடிக்கை பார்க்க ஏழு ஊர் திரண்டது.

“என்னய்யா, வண்டி ஓட்டுறியா, குதிரைக்கு ஆட்டம் சொல்லித் தர்றியா?” என்றார் முதலாளி.

“ரெண்டும்தான் முதலாளி. சம்பளம்தான் ஒண்ணு.”

அன்றே ஒயரை மாற்றினேன். மறுநாள் மலை இறக்கத்தில் வண்டியின் பிரேக் பெடல் தரைவரை போயும் வண்டி நிற்கவில்லை. டிரெய்லர் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்க அந்தப் பெட்டியிலிருந்த சின்னக் கைப்பிடியைத் தள்ளினேன். டிரெய்லர் மட்டும் பிடித்த பிடியில் மலையே எங்களோடு பத்தடி வந்தது! குதிரை நலம்.

என் கண்ணாடி ரேடியோ மேல் இருக்கும், அனுப்பு. உடையாமலிருக்க உன் நீலச் சால்வையில் சுற்று. சால்வை திரும்பி வராது.

தபால் வண்டி ஹாரன் அடிக்கிறது. மலை வரவில்லை, ஏழு ஊரும் வரவில்லை. கைப்பிடியைத் தள்ளும்போது உன் பேரைக் கத்தினேன். அந்தச் சின்ன விஷயம் மட்டும் நிஜம்.

எலாடியோ