முகம் தெரிய வேண்டும் என்றீர்

இன்று காலை ஒரு பிள்ளைக்கு வணக்கம் சொல்வதற்கு முன்னாலேயே, "எங்க, ஆ எண்டு வாயைத் திறவுங்கோ பாப்பம்" என்று சொல்லிவிட்டேன். பிள்ளையின் தாய் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பார்க்கத்தானே செய்வாள். பிள்ளை பராமரிப்பு நிலையத்தின் வாசலில், தூறலில், குடையும் இல்லாமல் நிற்கிற ஒருத்தி அப்படிக் கேட்டால் யாருக்கும் யோசனை வரும்.

மூன்றரை வயதுப் பெண் குழந்தை அது. பூப்போட்ட துணியில் தைத்த முகக்கவசம் போட்டிருந்தது. குனிந்தபோது ஈரத் துணியும் பிள்ளையின் மூச்சுச் சூடும் கலந்த அந்த மணம் முகத்தில் அடித்தது. அவ்வளவுதான். என் கை தானாகப் போய் முகக்கவசத்தைக் கீழே இழுத்தது, வாய் தானாகக் கதைத்தது. பிள்ளையின் வாய்க்குள் பால் பற்களும் நாக்கும் தவிர ஒன்றும் இல்லை. முகக்கவசத்தை நானே மறுபடி சரியாக மாட்டிவிட்டேன்.

தாய் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு இப்போது ஒரு ஆண் குழந்தை, மாதம் நிறைய முதலே பிறந்தது, நெஞ்சு பலவீனமாம், போன கிழமைதான் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு விட்டிருக்கிறார்கள். இந்த முறை குளிரோடு சேர்த்து ஒரு இருமலும் ஊரெல்லாம் சுற்றுகிறது. "ஆன்ட்டி, கார்டன்ல விளையாடேக்க மட்டும் இவ மாஸ்க் போட்டிருக்கட்டும். உள்ளுக்க எண்டா பரவாயில்ல. வெளியிலதான் எல்லாப் பிள்ளையளும் மூஞ்சைக்கு மூஞ்சை நிண்டு கத்துதுகள். ப்ளீஸ் ஆன்ட்டி, பேபிக்கு ஏதும் வந்தா என்னால ஏலாது" என்றாள். பின்னேரம் கூட்டிப்போக வரும்போது பதில் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். உமக்குப் பிறகு இந்தப் பிள்ளைகளின் அறைக்கு நான்தானே பொறுப்பு. நீர் இருந்திருந்தால் நீர் சொல்லியிருப்பீர், நான் உம்முடைய முதுகுக்குப் பின்னால் நின்று தலையாட்டியிருப்பேன்.

நாள் முழுக்க உம்மைத்தான் நினைத்தேன். அதனால்தான், நீர் கண்மூடி இரண்டாவது குளிர்காலத்தில், உமக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என்னைவிட நன்றாக இளையவர் நீர். ஆனாலும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே உம்மை நீர் என்று மரியாதையாகக் கூப்பிட வைத்துவிட்டீர். ஜெர்மனியில் வளர்ந்து, கலியாணம் கட்டி லண்டனில் கோலியர்ஸ் வுட்டுக்கு வந்தவர். நான் "ஜெர்மன்காரி" என்று பகிடி பண்ணினால், "ஓம் அக்கா, யாழ்ப்பாணத்துக்காரியள் கதைச்சு முடிக்கட்டும், நான் அதுக்குள்ள சப்பாத்துகளை அடுக்கிறன்" என்பீர். சொன்னபடி அடுக்கியும் விடுவீர், ஒவ்வொரு சோடியும் கதவைப் பார்த்தபடி. விதி என்றால் உமக்கு விதிதான். ஆனால் ஏன் என்று கேட்டு விளங்கிக்கொள்ளாமல் ஒன்றையும் கைக்கொள்ளவும் மாட்டீர்.

அந்தப் பெரிய நோய்க் காலத்தில் நாங்கள் இருவரும் பட்ட பாடு உமக்கு நினைவிருக்கும். எனக்கு அப்போது தொட்டதெல்லாம் பயம். பேருந்தில் யாரும் தும்மினால் அடுத்த தரிப்பில் இறங்கி நடப்பேன். மரக்கறிகளை உப்புத் தண்ணீரில் குளிப்பாட்டுவேன். என்னைக் கேட்டிருந்தால் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, ஊஞ்சலுக்கும் முகக்கவசம் போட்டிருப்பேன். எங்கள் நிலையத்தின் விதியோ மறுபக்கம் இருந்தது. வாசலில் பெற்றோரோடு கதைக்கும்போது நாங்கள் போட வேண்டும். பிள்ளைகள் போடக் கூடாது. தோட்டத்தில் ஓடி ஏறி விளையாடும்போது கண்டிப்பாகக் கூடாது. எனக்கு அது விசர் விதியாகப் பட்டது. "எல்லாம் தலைகீழாக் கிடக்கு" என்று உம்மிடம் புறுபுறுத்தேன். நீர் ஒரே வசனத்தில் முடித்தீர். "அக்கா, பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. முகம்தான் சொல்லும். எனக்கு முகம் தெரியோணும்."

அந்த நேரத்தில்தான் எங்கள் அறைப் பிள்ளை கவினின் தாய், தோட்டத்திலும் அவனுக்கு முகக்கவசம் வேண்டும் என்று கேட்டு வந்தாள். அவளுடைய கணவனுக்குச் சிறுநீரகம் மாற்றியிருந்தார்கள். உடம்பின் எதிர்ப்பைக் குறைக்கிற குளிசைகள் எடுத்துக்கொண்டு ஒரு அறைக்குள் தனியே இருந்தார். இவள் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. வேலையை விட்டால் வீடு ஓடாது, பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்க்கத் தகப்பனாலும் முடியாது. அவளுக்கு ஆங்கிலம் ஓடாததால் மனேஜரிடம் நான்தான் மொழிபெயர்த்தேன். "அவருக்கு இது வந்தா ஆள் தப்ப மாட்டார் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். என்ர பிள்ளை கொண்டுவந்து குடுத்ததெண்டு இருக்கக் கூடாது" என்று அவள் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். கல்லும் இளகும் கதை அது. மனேஜர் நல்ல மனுசி, இளகிவிட்டார். இந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் விலக்கு, தோட்டத்தில் முகக்கவசத்தோடு விளையாடலாம், ஒரு ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்றார்.

நீர் வேண்டாம் என்றீர். மனேஜரின் முகத்துக்கு நேரே, உம்முடைய ஜெர்மன் ஆங்கிலத்தில், இரண்டு தரம் வேண்டாம் என்றீர். அவர் கேட்கவில்லை. "அப்ப நான் நிக்கிறன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனீர்.

அன்றும் தூறல்தான். பிள்ளைகள் எல்லாம் மழைக்கோட்டோடு சேற்றில் குதித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஊஞ்சல் பக்கம். நீர் ஏறி விளையாடுகிற மரச் சட்டத்துக்குக் கீழே, கவினுக்கு ஒரு கை தூரத்தில். நீலத் துணி அவன் மூக்கு முதல் தாடை வரை மூடியிருந்தது. அவன் ஒரு வாயாடி, உமக்குத் தெரியும்தானே, பஸ் ஓட்டுகிற மாதிரிச் சத்தம் போட்டுக்கொண்டேதான் எதிலும் ஏறுவான். மேல் தட்டில் இருந்து குதித்தான். காலில்தான் விழுந்தான், எழும்பியும் நின்றான். எனக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தது. ஒரு பிள்ளை குதித்து எழும்பி நிற்கிறது. அதில் பயப்பட என்ன இருக்கிறது? உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் பயந்த நான் அந்த ஒன்றுக்கு மட்டும் பயப்படவில்லை.

பஸ் சத்தம் நின்றதைக் கவனித்தது நீர். "கவின்?" என்று ஒரே ஒரு தரம் கூப்பிட்டீர். அவன் உம்மைப் பார்த்தான். கண் மட்டும்தான் தெரிந்தது. அடுத்த கணம் நீர் முகக்கவசத்தைப் பிய்த்து எறிந்தீர், காதில் மாட்டின நாடாவும் அறுந்துபோனது. அப்போதுதான் நான் அவனுடைய உதட்டைக் கண்டேன். அந்த நிறத்தை நான் எழுத மாட்டேன். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. நான் ஊஞ்சல் கயிற்றைப் பிடித்தபடியே நின்றேன். நீர் அவனை உம்முடைய முழங்காலில் குப்புறச் சரித்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையால் அடித்தீர். ஒவ்வொரு அடியும் எனக்கு நெஞ்சுக்குள் விழுந்தது. நாலாவதோ ஐந்தாவதோ அடியில் ஏதோ ஒன்று புல்லில் தெறித்தது. பிறகு அவன் அழுதான். ஒரு பிள்ளை அழுவதைக் கேட்டு நான் அப்படிச் சந்தோசப்பட்டது அதற்கு முதலும் இல்லை, பிறகும் இல்லை.

புல்லில் கிடந்தது ஒரு துண்டு அதிமதுரம்.

அந்த மாதங்களில் டூட்டிங் கடைகளில் கொத்தமல்லியும் இஞ்சியும் அதிமதுரமும் வந்த கையோடு முடிந்துவிடும், அதைத் தெரியாத தமிழ் ஆள் லண்டனில் இல்லை. தொண்டைக்கு நல்லது, கிருமி அண்டாது என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். என் கைப்பையிலும் ஒரு காகிதச் சரை கிடந்தது. கவினின் தாய் ஒவ்வொரு காலையும் ஒரு சின்னத் துண்டை அவனுடைய கன்னத்துக்குள் ஒதுக்கிவிட்டு, மேலே முகக்கவசத்தை மாட்டி, வாசலில் இருந்து நேரே தோட்டத்துக்கு அனுப்பியிருக்கிறாள். அது இனிக்கும், பிள்ளை துப்ப மாட்டான். விளையாடப் போகும் பிள்ளையின் வாயில் ஒன்றும் இருக்கக் கூடாது என்பது எங்கள் வேலையில் அரிச்சுவடி. முகம் தெரிந்திருந்தால் அவன் எதையோ சூப்புவதை நீர் வாசலிலேயே கண்டுபிடித்திருப்பீர். ஒரு காவலுக்கு மேல் இன்னொரு காவல் என்று நினைத்துத்தான் அவள் செய்தாள். இரண்டும் சேர்ந்து பிள்ளையின் கழுத்தைப் பிடித்தன.

பின்னேரம் அவள் வந்தபோது நான் ஒரு சண்டைக்குத் தயாராக நின்றேன். நீர் அவளை வாங்கில் இருத்தி, நடந்ததை அப்படியே சொன்னீர். குரலை உயர்த்தவும் இல்லை, அவளைக் குற்றம் சொல்லவும் இல்லை. அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "காப்பாத்தத்தானே வைச்சனான்... காப்பாத்தத்தானே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். "தெரியும்" என்றீர். "இனி மாஸ்க் வேண்டாம் தங்கச்சி. வீட்டை போனவுடன குளிக்க வாத்து, உடுப்பை மாத்திவிடுங்கோ. தகப்பன்ர அறைக்குள்ள விடாதேங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்." அவள் கேட்டாள்: "அவருக்கு வந்தா?" நீர் எழும்பி, கவினின் மழைக்கோட்டை எடுத்து அவளிடம் கொடுத்தீர். எனக்கு இன்றைக்கும் காதில் நிற்பது அந்தக் கேள்விதான்.

வந்தது. மார்கழியில் அவருக்கு வந்தே விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறவருக்கு அங்கிருந்து வந்ததா, வேலைக்குப் போகிற மனைவியிடமிருந்தா, எங்கள் தோட்டத்தில் இருந்து கவின் கொண்டுபோனதா, யாருக்கும் தெரியாது. ஒட்சிசன் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளில் இருந்து நீர் எனக்குத் தினமும் போன் எடுத்தீர். "ஏதும் தெரியுமோ அக்கா?" தெரியாது என்பேன். வைக்க மாட்டீர். நாளைக்கு எத்தனை பிள்ளைகள் வரும் என்று கேட்டுக் கதையை இழுத்துக்கொண்டிருப்பீர்.

ஒரு நாள் நான் பொறுக்க முடியாமல் கேட்டேன், "நீர் அண்டைக்கு அந்தப் பிள்ளையை அப்பிடி அசையாமல் நிண்டு காப்பாத்தினீர். உமக்கேன் இப்ப இந்தப் பயம்?" நீர் சிரித்த மாதிரி இருந்தது, அழுத மாதிரியும் இருந்தது. "அசையாமலோ? சப்பாத்து அறைக்குள்ள போய்க் குடல் வெளியில வாற மாதிரிச் சத்தி எடுத்தனான் அக்கா. எனக்கு நெடுகப் பயம். காலமை கேற் திறக்கேக்கயே பயம். எந்தப் பிள்ளை எதில ஏறும், எது வாயில போகும் எண்டு பயம். பயமில்லாத ஆளிட்ட ஒரு பிள்ளையைக் குடுக்கலாமோ சொல்லுங்கோ?"

நான் உம்மை இரும்பு என்று நினைத்திருந்தேன். என்னைப் போல நடுங்கிக்கொண்டுதான் அவ்வளவு காலமும் என் பக்கத்தில் நின்றிருக்கிறீர். எனக்கு அது ஆறுதலாக இருந்ததா, இன்னும் பயமாக இருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

கவினின் தகப்பன் தப்பி வந்தார். மெலிந்து, தடியூன்றி, ஆனால் வந்தார். நீர் அன்றைக்கு எல்லாருக்கும் கேக் வாங்கி வந்தீர், காரணம் யாருக்கும் சொல்லவில்லை. "நான் சொன்னதுதான் சரி" என்று நீர் கடைசிவரை ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. உம்மைக் கொண்டுபோனது அந்த நோயும் இல்லை. ஒரு சாதாரணமான காலையில் வேலைக்கு வெளிக்கிடும்போது நெஞ்சு நின்றுவிட்டது. நாங்கள் அத்தனை பக்கமும் காவல் போட்டுக்கொண்டிருக்க, ஒருவரும் பார்க்காத பக்கத்தால் அது வந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறும் என்றும் நினைக்கவில்லை.

இன்று பின்னேரம் அந்தத் தாய் வந்தாள். நெஞ்சோடு கட்டின துணிக்குள் அந்தச் சின்னக் குழந்தை, ஒரு உள்ளங்கை அளவு தலை. அதைக் கண்டதும் நான் நாள் முழுக்கச் சேர்த்துவைத்த வசனம் எல்லாம் பறந்துவிட்டது. ஏலாது என்று சொல்லி, அந்தக் குழந்தைக்கு ஏதும் வந்தால்? ஏலும் என்று சொல்லி, இந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்தால்? பெரியவளோ என் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டு, பூப்போட்ட துணிக்குப் பின்னால் ஏதோ பாடிக்கொண்டு நின்றாள்.

"தோட்டத்தில மாஸ்க் ஏலாது பிள்ளை" என்றேன். காரணத்தையும் சொன்னேன். கவின் என்ற பெயரைச் சொல்லாமல், நடந்ததை மட்டும் சொன்னேன். வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டியதை, நீர் அன்றைக்குச் சொன்ன மாதிரியே சொன்னேன்.

அவள் கேட்டு முடித்துவிட்டு, "அப்ப பேபிக்கு ஒண்டும் வராதெண்டு சொல்லுறீங்களா, ஆன்ட்டி?" என்றாள்.

"அது சொல்ல எனக்கு ஏலாது. இவ விளையாடேக்க இவவின்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நிப்பன். அதுதான் எனக்கு ஏலும்."

மகளின் கையை வாங்கக் குனிந்தவள், என் விரல்களைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

"ஆன்ட்டி, உங்களுக்கும் பயமா?"

"ஓம்" என்றேன். மறைக்கத் தோன்றவில்லை. "எனக்கும் பயம்தான்."

அவள் நெஞ்சுக் குழந்தையின் தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டாள். பிறகு மகளின் காதுக்குப் பின்னால் கையைவிட்டு, முகக்கவசத்தை அவளே கழற்றினாள்.