பச்சைக் கோடு

மார்ச் 3, செவ்வாய்
கொடியில் போட்ட துணி காயவே இல்லை, அவ்வளவு குளிர். பேத்தியோடு முதல் படகில் போனேன். என் மகன் ஓட்டும் அக்கரைப் படகு. பேத்தி தானே செய்த, காந்தத்தில் ஒட்டும் பெட்டி ஒன்றை இன்ஜின் தலையில் ஒட்டினாள். சத்தத்தையும் அதிர்வையும் வைத்து, நாலு சிலிண்டரில் ஒன்று வெடிக்காமல் விட்டாலும் போனில் சிவப்புக் கோடு காட்டுமாம். "இன்னிக்குக் கேக்கறதை நல்ல சத்தம்னு மனப்பாடம் பண்ணிக்கும் பாட்டி. அப்புறம் மாறினா காட்டிக்கொடுத்துடும்." நான் ஐந்தாவதோடு நின்றவள். இவள் இன்ஜினுக்கே பாடம் எடுக்கிறாள். ஏறினவர்களிடமெல்லாம் சொன்னேன்.
உட்கார்ந்த பலகையில் வரும் இன்ஜின் அதிர்வுதான் சீராக இல்லை. மூன்று தட்டு, ஒரு இடறல். "குளிர்ல அப்படித்தாம்மா, சூடானா சரியாயிடும்" என்றான் மகன்.

மார்ச் 9, திங்கள்
டிக்கெட்காரர் பேத்தியிடம், "எனக்கும் ஒரு பெட்டி பண்ணிக் குடும்மா. வீட்டுக்காரி எப்ப வெடிப்பான்னு தெரியணும்" என்றார். படகே சிரித்தது. போனில் பச்சைக் கோடு. வெயில் ஏறியும் பலகை இடறுகிறது.

மார்ச் 16, திங்கள்
மாதம் ஒருமுறை இன்ஜினைக் கழற்றிப் பார்க்கும் மெக்கானிக், போனைப் பார்த்ததும் பையை மூடிவிட்டார். "பச்சைதானே பெரியம்மா, எதுக்குக் கழட்டணும்?" டீ குடித்துவிட்டுப் போனார். பெருமையாகத்தான் இருந்தது. படகில் ஏறிப் பலகையில் உட்கார்ந்த பிறகு இல்லை.

மார்ச் 19, வியாழன்
பழைய பக்கத்தைப் புரட்டினேன். மூன்றாம் தேதி — மூன்று தட்டு, ஒரு இடறல். பெட்டி மனப்பாடம் செய்த அதே காலை. நோயையே நல்லதென்று படித்துவிட்டதா? எனக்கென்ன தெரியும், அஞ்சாங்கிளாஸ்காரி. நாளை மறுநாள் கல்லூரி மேடையில் இந்தப் பெட்டிக்காக அவளுக்குப் பரிசு. அது முடியட்டும், ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கலாம். ரெண்டு நாள்ல என்ன ஆயிடப் போகுது.

மார்ச் 20, வெள்ளி
மேலே அணையைத் திறந்துவிட்டார்களாம். தண்ணீர் செம்மண் நிறம்.

மார்ச் 24, செவ்வாய்
வெள்ளி மாலைப் படகு. நடு ஆற்றில் இன்ஜின் நின்று, வெள்ளம் இழுத்துப்போக, கட்டி முடிக்காத பாலத்தின் தூணில் மோதி மூழ்கியது. எல்லோரும் கரை ஏறினார்கள். டிக்கெட்காரர் ஏறவில்லை. அவர் வீட்டுக்காரி வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு சத்தம் இல்லை.

மார்ச் 27, வெள்ளி
மகனை ஸ்டேஷனில் வைத்திருக்கிறார்கள். "பெட்டியில கடைசி வரைக்கும் பச்சை. இன்ஜின் நல்லாத்தான் இருந்திருக்கு. ஓட்டினவன் தப்பு" என்கிறாராம் விசாரணை அதிகாரி. பேத்தி சாப்பிடவில்லை. "பெட்டி பொய் சொல்லாது பாட்டி. அப்பாவும் சொல்ல மாட்டாரே."
மூன்றாம் தேதிப் பக்கம் இருந்தால் மகன் வெளியே வருவான். பெட்டி செய்த இவள்? கிழித்துவிட்டால் — ஒரு தாள்தானே.

மார்ச் 28, சனி
கிழிக்கவில்லை. நோட்டை அவள் கையில் கொடுத்தேன். மூன்றாம் தேதியைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டாள். பத்தொன்பதாம் தேதியை இரண்டு தடவை படித்தாள். "எனக்காகவா சொல்லல?" பதிலுக்கு நிற்கவில்லை. நோட்டைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு, செருப்பை மாட்டி, அதிகாரியிடம் கிளம்பிவிட்டாள்.
இதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுகிறேன்.