கண்ணாடிக் குழாயில் ஒட்டியது

வெள்ளி இரவு, திருத்தணி.

காலையில் நைனாவோடு, அதாவது அப்பாவோடு, கோயில் மலைப்படி ஏறும்போது ஆய்வகத்திலிருந்து என் மாணவி ஜெயந்தி போனில் கூப்பிட்டாள்.

"மேடம், பெப்டைடை பிளாஸ்டிக் குழாயில கலக்கிப் பார்த்தேன். ரிசெப்டர் நல்லா வேலை செய்யுது. கண்ணாடிக் குழாயில அது சுவத்துலயே ஒட்டிக்குது."

அந்தப் பெப்டைடு என்ற குட்டிப் புரதத் துண்டு, செல்லின் மேலுள்ள அந்த ரிசெப்டரை, அதாவது ஏற்பியை, தூண்டாது என்று கட்டுரை எழுதியவள் நான். கண்ணாடிக் குழாயில் கலக்கியவளும் நான்தான். பெப்டைடு கண்ணாடியிலேயே தங்கிவிட, செல்கள் மேல் வெறும் உப்புக் கரைசலைத்தான் ஊற்றியிருக்கிறேன். அந்தக் கட்டுரையை நம்பித்தான் ஜெயந்தி தன் முதல் ஆய்வையே கைவிட்டாள்.

"இப்போதைக்கு யார்கிட்டயும் சொல்லாதே" என்றேன்.

"சரிங்க மேடம்." போனை வைத்தாள்.

நைனா மூச்சு வாங்கிக்கொண்டே, "இன்னாம்மா, நல்ல சேதியா?" என்றார்.

"ஆங், நைனா."

அவரிடம் சொன்னது பொய் இல்லை; பெப்டைடு வேலை செய்வது நல்ல சேதிதான். ஜெயந்தியிடம் சொன்ன அந்த 'இப்போதைக்கு'தான் பொய்.