நாற்பத்துமூன்று டிகிரி

திங்கள், 9
காலையிலிருந்தே புழுக்கம். எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் ஜன்னல் கம்பிகளில். டோல்கேட் அருகே மாப்பிள்ளை டேவிட்டின் சலவைக்கூடத்தில் புது நீராவிக் கருவிச் சோதனை. என் பணி, சாட்சியாகக் குறிப்பெடுத்தல்.

விற்க வந்த கருவிக்காரரின் கூற்று: மின்சாரம் 2 கிலோவாட் உள்ளே, வெப்பம் 7 கிலோவாட் வெளியே. ஆதாரம்: மணிக்குப் பத்து லிட்டர் தண்ணீர் உள்ளே போகிறது, அத்தனையும் ஆவியாகிறது; அதற்கு 7 கிலோவாட் வெப்பம் வேண்டும். குழாயில் வெள்ளையாக வந்தது. ‘பத்து லிட்டரும் ஆவியானது’ என எழுதிக் கையெழுத்திட்டேன்.

டேவிட்: "மச்சான் கையெழுத்து போட்டாச்சு. வெள்ளிக்கெயம வூட்ட அடமானம் வெச்சு மெஷின எடுத்துர்றேன்."

அவர் மனைவி, என் தங்கை எஸ்தர், பீரோச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வாங்க: பேனா ரீஃபில், இருமல் மருந்து.

செவ்வாய், 10
இஸ்திரிப் பிரிவு தேவகி, புதுக் கருவியின் ஆவியில் ஆஸ்பத்திரி விரிப்பைத் தேய்த்தார். "இன்னா சார் இது, தண்ணிய துப்பிகினு கீது. துணி காயல, நனையுது."

"போகப் போக சரியாயிடும்மா" என்றார் கருவிக்காரர்.

"எப்போ, தீபாவளிக்கா?"

பழைய பாய்லரின் ஆவி துணியை நனைப்பதில்லை. அப்படியெனில் இதில் பெரும்பகுதி வெறும் வெந்நீர். நான் கண்டது வெண்புகை, எழுதியது ஆவி. இடையில் இருந்தது என் ஊகம். இதே பிழைக்காக வக்கீலாக எத்தனை சாட்சிகளைக் கூண்டில் மடக்கியிருக்கிறேன்.

மதியச் சோற்றை அப்படியே மூடி வைத்தேன்.

புதன், 11
தூறல். டேவிட்டிடம் கூறினேன்: கையெழுத்து செல்லாது, மறுசோதனை வேண்டும்.

"இன்னா மச்சான், சாட்சி சொல்லிட்டு ஜகா வாங்குற?"

இருந்தும் ஒப்புக்கொண்டார்.

வியாழன், 12
டிரம்மில் தண்ணீர் 50 கிலோ (காசிமேட்டிலிருந்து இரவல் வாங்கிய மீன் தராசில் நிறுத்தது). தொடக்கத்தில் 29 டிகிரி. குழாய் முனை தண்ணீருக்குள். வருவது ஆவியோ வெந்நீரோ, வெப்பம் முழுவதும் டிரம்மில் சேரும்.

அரை மணியில் எத்தனை டிகிரிக்கு ஏறும்? முன்னதாகவே கருவிக்காரர் கையாலேயே எழுதி வாங்கினேன். அவர் கூற்று மெய்யெனில் 84. 2 கிலோவாட் மட்டுமே தரும் சாதாரண ஹீட்டரெனில் 44.

10 நிமிடம் – 34
20 – 39
30 – 43

தேவகி கைவிட்டுப் பார்த்தார். "கொயந்தைக்கு தலைக்கு ஊத்தலாம் சார்."

கருவிக்காரர்: "டிரம்முல வெப்பம் வீணாகுதுங்க."

டேவிட்: "நாப்பது டிகிரியுமா டிரம்மு துன்னுச்சு?"

பிறகு டேவிட் கருவியின் மின்இணைப்பைத் தானே பிடுங்கினார். போகும்போது என் தோளைத் தொட்டார். அவ்வளவே.

வெள்ளி, 13
நல்ல கடற்காற்று. டேவிட் பதிவு அலுவலகம் போகவில்லை. எஸ்தர் போனில்: "அண்ணே, பத்திரம் பீரோலயே கீது. அவரு பழைய பாய்லர ரிப்பேர் பண்ண ஆள கூப்ட போய்கிறாரு."

திங்கட்கிழமைக் குறிப்பைக் கிழிக்கவில்லை. கீழே சேர்த்தது: ‘நான் கண்டது வெண்புகை மட்டுமே.’ தேதி, கையெழுத்து.

தராசைத் திருப்பித் தர வேண்டும். ரீஃபில் இன்னும் வாங்கவில்லை.

எஸ்தர் வீட்டிலிருந்து வஞ்சிரக் குழம்பு வந்தது. இரண்டு தட்டுச் சோறு.