ஒட்டுமா, வழுக்குமா

அன்புக்கும் சண்டைக்கும் உரிய என் நண்பன் மஞ்சுவுக்கு,

பந்தயத்தில் நான் ஜெயித்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வேறு யாரிடம் சொன்னாலும் என்ன பந்தயம் என்றுதான் கேட்பார்கள்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் நம் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனி, பக்கத்து பக்கத்து நாற்காலி. இரண்டு அலுமினியத் தகடுகளைச் சேர்த்து வைத்து, சுழலும் கருவி ஒன்றை இணைப்பில் இறக்கி ஓட்டினால், உலோகம் உருகாமலே இளகி, கருவியைச் சுற்றி ஓடி, பின்னால் போய் ஒன்றாகிவிடும். உள்ளே எப்படி ஓடுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டுப் பார்ப்பவர்கள் நாம். ஒரு கணக்கு ஓடி முடிய நாள் கணக்கில் ஆகும். அந்த நேரமெல்லாம் நமக்குச் சண்டைக்குத்தான்.

இளகிய உலோகம் கருவியோடு ஒட்டிக்கொண்டே சுற்றுமா, கொஞ்சம் வழுக்குமா? அதை நாம்தான் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். ஒட்டும் என்று நீ பிடிவாதம் பிடித்தாய்.

"எங்கம்மா களி கிண்டறப்ப வந்து பாரு. கோலு சுத்தற பக்கமே களியும் ஒட்டிக்கினு சுத்தும்."

"உங்கம்மா கிண்டுறது கேழ்வரகு. இது அலுமினியம்லே."

தோற்றவன் ஒரு நாள் முழுக்க மற்றவன் பேச்சில் பேச வேண்டும் என்று முடிவாயிற்று. நான் தோற்றால் உன் வீட்டுக் கன்னடம், நீ தோற்றால் என் திருநெல்வேலித் தமிழ். நீ 'ஏலே' சொல்லிப் பழகியதைக் கேட்டு கேன்டீனே சிரித்தது. பிறகு காமாலை என்று லீவு போட்டுப் படுத்தாய். எழுந்து வரவே இல்லை. உலோகம் ஓடிய தடம் தெரிவதற்காக இணைப்புக்குள் செம்புத் தாள் வைத்து நாம் பற்றவைத்த தகடு, வெட்டப்படாமல் அலமாரியிலேயே கிடந்தது.

நேற்று அதை வெட்டினேன். தேய்த்துப் பளபளப்பாக்கி லென்ஸில் பார்த்தேன். நான் வழுக்கவிட்டு ஓட்டிய கணக்கில் செம்பைக் குறிக்கும் புள்ளிகள் எங்கே போய் நின்றனவோ, அங்கேதான் செம்புத் துணுக்குகள் நின்றன. உன் கணக்குப்படி அவை கருவியோடு இன்னும் சுற்றிப் போயிருக்க வேண்டும்.

"பாத்தியாலே" என்று உன் பக்கம் திரும்பிவிட்டேன். நாற்காலியில் பிரிண்டர் தாள் கட்டு இருந்தது. மேனேஜர் வந்து பார்த்து "குட்" என்றார். ஒட்டியதா வழுக்கியதா என்று அவர் கேட்கவில்லை.

தனியாக இருக்கிறது மஞ்சு. நீ இருந்தால் இதை ஒப்புக்கொண்டிருப்பாயா? தாள் நகர்ந்துவிட்டது என்பாய். வேறு இடத்தில் வெட்டு என்பாய். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய். அதெல்லாம் இல்லாமல் ஜெயித்து நான் என்ன செய்ய?

போன வாரம் ஜூஜுவாடியில் உன் அம்மாவைப் பார்த்தேன். என்னிடம் எப்போதும் தமிழில் பேசியவர்தான். நீ போனதிலிருந்து வாயில் கன்னடம் மட்டும்தான் வருகிறதாம். "ஊட்டா ஆயித்தா?" என்று கேட்டார். சாப்பிட்டாயா என்பது எனக்கும் தெரியும். "ஆச்சும்மா" என்றேன். பிறகு நெடுநேரம் பேசினார். அதில் உன் பெயர் மட்டும்தான் எனக்குப் பிடிபட்டது. நீ இருந்தால் நடுவில் உட்கார்ந்து பாதி பொய்யோடு மாற்றிச் சொல்லியிருப்பாய்.

அதனால் தோற்றவன் நான் என்றே வைத்துக்கொள். ஸ்டோரில் இருக்கும் ஆனேக்கல்காரர் டீ நேரத்தில் எனக்குக் கன்னடம் சொல்லித்தருகிறார். உச்சரிப்பைக் கேட்டு அவரும் சிரிக்கத்தான் செய்கிறார். வருகிற ஞாயிறு உன் வீட்டில் இருப்பேன். பொழுது சாயும்வரை ஒரு தமிழ் வார்த்தை பேசமாட்டேன், இது சத்தியம். அம்மா களி கிண்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அது கோலோடு சுற்றுகிறதா என்று நீ சொன்னபடியே பார்க்கிறேன்.

தோற்கும்போது மட்டும் அண்ணா என்று கூப்பிடுவாயே,
அந்த அண்ணன்,
இசக்கிமுத்து