சாமுவேலின் தலைமாட்டுச் சிலுவை

என் ஆசைக் கிறுக்கா, சாமுவேலு,

நீ மூன்று நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து இன்றோடு முப்பது நாள். உங்கள் யூத வழக்கப்படி முகம் மழிக்காமல் இருக்கிறேன். தாடி அரிக்கிறது. உன் மேல் கோபமான கோபம்.

உன் தலைமாட்டில் சிலுவை நட்டிருக்கிறார்கள், தெரியுமா? நம் பேண்டு மாஸ்டர் செய்த ஏற்பாடு. "வெள்ளக்காரன், பேரு சாமுவேலு. வேதக்காரன் இல்லாம பின்ன இன்னாபா?" என்றார். அவன் யூதன் என்று சொன்னேன். "எதுவா இருந்தா இன்னா? பொணத்த வெச்சிக்கினு பேசாத" என்று வாயை அடைத்துவிட்டார். மாதா கோயில் சாமியாரிடமும் நீ கிறிஸ்தவன் என்றே சொல்லிவிட்டார். நம் பேண்டு செட்டே உனக்கு மாதா கோயில் பாட்டு வாசித்தது. டிரம் அடித்தது யார்? நான்தான். வெட்கங்கெட்டவன்.

ஆனால் முதல் குற்றவாளி நீ. பிரான்சிலிருந்து ஒரு பையும் கிளாரினெட்டுமாகப் பாகூரில் வந்து இறங்கி, பதினோரு வருஷம் எங்கள் செட்டின் சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு கல்யாண ஊர்வலத்தில் வாசித்தாயே, ஒரு ஆளிடமாவது நீ யாரென்று நேராகச் சொன்னாயா? எல்லாவற்றுக்கும் நக்கல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்கள் ஓய்வுநாளுக்கு நீ இரண்டு மெழுகுவத்தி ஏற்றுவதைப் பார்த்து, "அம்மனுக்காப்பா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு ராஜகுமாரி அக்கா. "ஆமாக்கா, எங்க ஊரு அம்மன் கோவக்காரி, ஒரு வெளக்கு பத்தாது" என்றாய். அடுத்த வாரம் அவள் குங்குமம் கொண்டுவந்தாள். நெற்றியில் இட்டுக்கொண்டு உள்ளே வந்து, என் தோளில் சாய்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன், பாவி.

செலியமேட்டுக் கல்யாணம் ஞாபகம் இருக்கிறதா? பெண்ணின் மாமன் ஊர்வலத்தை நிறுத்தி, "இன்னா தொர, உனுக்கு எப்ப கண்ணாலம்?" என்றான். உன் தாத்தா உங்கள் ஜனங்களின் கல்யாணங்களில் வாசித்த பாட்டை நீ எடுத்தாய். விக்கி விக்கி அழுவதுபோல் தொடங்கி, கெக்கலித்துச் சிரிப்பதுபோல் திருப்பினாய். நான் கரகாட்ட அடி போட்டேன். அந்த மாமனே துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஆடினான். நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். தெருவே நம் கல்யாணத்துக்கு ஆடியது, தெருவுக்கு மட்டும் தெரியாது. அன்றைக்கு அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது. இன்று நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. ஆடியவர்களில் ஒருத்தனுக்காவது உன்னைத் தெரியுமா?

உங்கள் ஜனத்தில் செத்தவருக்கு ரொம்ப நெருங்கியவர்கள்தான் சட்டையைக் கிழித்துக்கொள்வார்கள் என்று சொல்லியிருக்கிறாய். குழிமேட்டில் நின்று நானும் கிழித்தேன். உடனே மேலே கோட்டுப் பொத்தானைப் போட்டு மறைத்துக்கொண்டேன்.

இப்போது பஸ் ஸ்டாண்டு முழுக்க மாஸ்டர் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி. மேலே சிலுவை, நடுவில் உன் படம், கீழே நண்பர்கள் ஏழு பேர். ஏழாவதாக, டிரம் கோவிந்தன். நண்பனாம்!

போன வாரம் சலூனில் கேட்டார்கள். "பதினாறே முடிஞ்சிடுச்சி, இன்னும் இன்னாபா தாடி? அவன் உனுக்கு இன்னா வேணும்?" கூட வாசித்தவன் என்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

இன்று காலை அச்சாபீசுக்குப் போய், உனக்கு என் பேரில் ஒரு நோட்டீஸ் அடிக்கவேண்டும் என்றேன். "ஒறவுமொறன்னு ஒரு வரி போடணுமே. நண்பர்னே போட்டுடவா?" என்றார் அச்சாபீஸ்காரர்.

"வேணாண்ணே. உள்ளத எழுதிக்கினு வரேன்."

அவருக்குப் புரிந்துவிட்டது, குரலைத் தாழ்த்தினார். "கோவிந்தா, யோசிச்சிக்கோ. மாஸ்டரு உன்ன செட்ட வுட்டே தூக்கிடுவாரு. வூட்டு மேல கல்லு வுழும்."

விழட்டும். உங்கள் ஆட்கள் கல்லறைக்குப் பூ வைக்கமாட்டார்கள், கல்தானே வைப்பார்கள்? விழுகிற கல்லையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனம் வெளியே வரும் நேரத்தில், அந்தச் சிலுவையை மரியாதையாகக் கழற்றி மாதா கோயிலில் ஒப்படைப்பேன். கிழிந்த சட்டையோடு வருவேன், மேலே கோட்டு இருக்காது. நீ யாரென்று கேட்டால் சொல்வேன். நான் யாரென்று கேட்டாலும் சொல்வேன். இது சத்தியம், நீ சிரிக்காதே.

அச்சாபீஸ்காரர் கேட்ட வரியைக் கீழே எழுதிவிட்டேன். இந்தக் கடிதம்தான் நோட்டீஸ்.

பதினோரு வருஷம் உன்னோடு குடும்பம் நடத்திய,
உன் கோவிந்தன்