கலா அக்கா கேட்ட ‘ம்’

நிலையம் ஒன்பது. சிலோண்டா கிராமம், டொடோமாவுக்கு மேற்கே, தான்சானியா.

2068 அக்டோபர் 6, காலை 6.20
மின்கலம் 94 சதவீதம். விதையறை 12 டிகிரி. கிணற்றில் தண்ணீர் 410 அடியில் நிற்கிறது. கோளாறு இல்லை.

இதற்கு மேல் எழுத வேண்டாம் என்று நிலையத்தை அமைத்த பொறியாளர் சொன்னார். ஆனால் இந்தக் கைப்பலகையின் அடியில் ‘பிற குறிப்புகள்’ என்று ஒரு பெரிய வெள்ளைக் கட்டம் இருக்கிறது. எனக்குப் பேசுவதைவிட எழுதுவது எளிது. இது மாதம் ஒருமுறைதான் மேலிடத்துக்குப் போகுமாம். படிப்பவர் யாராக இருந்தாலும் வணக்கம்.

என் பெயர் குயிலி. வயது பதினாறு. ஊர் திருச்செங்கோடு. எட்டாவதோடு பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா போன பிறகு அப்பா என்னைத் தன்னோடு அழைத்து வந்துவிட்டார். அவர் ரிக் வண்டியில் போர் போடுகிறவர். இந்த நிலையத்தின் கிணறும் அவர் போட்டதுதான்.

நிலையம் என்பது ஒரு கோபுரம். சுற்று ஊர்களின் விதையை வாங்கிக் குளிரில் வைக்கும். மண்ணையும் வானத்தையும் பார்த்து, யார் எதை எப்போது விதைக்கலாம் என்று சொல்லும். சிறு விவசாயிகளும் இளையோரும் சேர்ந்தால்தான் ஆப்பிரிக்காவின் சாப்பாடு நிலைக்கும் என்று ஆங்காங்கே இப்படி நட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கோபுரத்துக்கும் ஓர் இளையோர் பிரதிநிதி வேண்டும். திறப்பு விழா அன்று இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் காட்டு வேலையில் இருந்தார்கள். நான் அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்து நின்றேன். என்னைப் படம் எடுத்தார்கள். அன்றிலிருந்து பிரதிநிதி நான்தான்.

சுவாஹிலியில் களஞ்சியத்துக்கு ‘காலா’ என்று பெயர். ரிக் ஆட்களின் காதில் அது ‘கலா’ என்று விழுந்தது. பெண் குரலில் வேறு பேசுகிறது. ஆகவே கலா அக்கா. ரிக்கில் வேலை செய்யும் மாரப்பண்ணன் குளிக்கப் போகும்போது, “அக்கா, கண்ண மூடிக்கோங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போவார்.

அக்டோபர் 9, காலை 6.15
மின்கலம் 93. விதையறை 12. கோளாறு இல்லை.

கலா அக்காவுக்குக் காது பழக்கும் வேலை முடிந்தது. பக்கத்தில் சும்மா இருந்தவள் நான் என்பதால் பொறியாளர் என்னையே உட்கார வைத்தார். அது கேள்வி கேட்கும், நான் பதில் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் ‘ம்’ என்றேன். எனக்கு அதுதான் வரும். பொறியாளர் குழம்பி அப்பாவிடம் கேட்டார். அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்: “என்ற புள்ள ‘ம்’னா சரின்னு அர்த்தமுங்க. அவ பேச்சே அவ்வளவுதான்.” பொறியாளர் அதை அப்படியே உள்ளே ஏற்றிவிட்டார்.

இப்போது என்னிடம் தமிழில் பேசுகிறது. நான் வெளியே இருக்கும்போது அழைப்பு வந்தால் என் குரலிலேயே எடுத்துப் பதில் சொல்கிறது. நேற்று நான் குடத்தோடு வந்தபோது அப்பாவிடம் பேசி முடித்திருந்தது. மூன்று ‘ம்’. அப்பாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. மாரப்பண்ணனுக்கு இது தெரிந்தபோது, இனி பிள்ளைக்கு வாயே தேவையில்லை என்றார். நானும் சிரித்தேன்.

வியாழன்தோறும் வண்டு மருந்து நேரம். மருந்து என்றால் மருந்து இல்லை. விதையறையைப் பூட்டி, காற்றை எடுத்துவிட்டு நைட்ரஜன் நிரப்பும். மூச்சில்லாமல் வண்டு சாகும். அதற்கு முன் “அறை காலியா, குயிலி?” என்று கேட்கும். நான் ‘ம்’ என்பேன். பூட்டிக்கொள்ளும்.

அக்டோபர் 17, மாலை 4.40
மின்கலம் 95. விதையறை 12.

இன்று மாமா சிக்குஜுவா வந்தார். ‘மாமா’ என்றால் இங்கே அம்மா. பிள்ளையின் பெயரைச் சேர்த்துத் தாயை அப்படிக் கூப்பிடுகிறார்கள். முதல் நாள் ஒரு பெண்ணை மாமா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. சிக்குஜுவா என்றால் ‘எனக்குத் தெரிந்திருக்கவில்லை’ என்று பொருள். வயிற்றில் இருப்பதே தெரியாமல் மூன்று மாதம் மண் வெட்டினாராம்.

அந்தச் சிக்குஜுவாவுக்குப் பதினேழு வயது. அண்ணன்கள் இருவரும் தாருஸ்ஸலாமில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறார்கள். இவள் போகவில்லை. ஊரில் மிச்சமிருக்கிற பெண்களையும் பையன்களையும் சேர்த்துக்கொண்டு, தரிசாகக் கிடந்த மேட்டு நிலத்தைத் திருத்தி வைத்திருக்கிறாள். ரிக் ஆட்களிடம் தமிழ் பொறுக்கியவள். என்னைப் பார்த்தால் “சாப்டாச்சா, ஊமை?” என்பாள்.

அவர்கள் கொண்டுவந்தது கம்பு. எங்கள் ஊர்க் கம்பைவிடக் குட்டைக் கதிர். இரண்டு மழை பெய்தால் போதும், விளைந்துவிடும் என்றாள். மேட்டு நிலம் முழுவதுக்கும் அதுதான் விதை. போன வருடம் வீட்டில் பாதியை வண்டு தின்றதால் இங்கே வைக்க வந்திருக்கிறார்கள். மூட்டைகளின் வாயைக் கட்டியிருந்தது நீலத் துணி.

கலா அக்கா அவர்களிடம் திட்டத்தை விளக்கியது. நீளமான, மரியாதையான சுவாஹிலி. எனக்குப் பாதி புரியவில்லை, அவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் இங்கே ஒருவர் பேசும்போது எதிரில் இருப்பவர் மூச்சுக்கு மூச்சு ‘ம்’, ‘ஈ’ என்று கொட்ட வேண்டும். சும்மா இருந்தால் அவமதிப்பு. எங்கள் ஊரிலும் கதை கேட்கும்போது அப்படித்தான். மாமா ஒவ்வொரு ‘ம்’ சொல்லும்போதும் திரையில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. அழகாக இருந்தது.

அக்டோபர் 28, காலை 7.05
மின்கலம் 90. தூசி. பலகைகளைத் துடைத்தேன்.

ரிக் வண்டி அடுத்த வேலைக்குச் சிங்கிடாவுக்குப் போய்விட்டது. பிரதிநிதி என்பதால் நான் மட்டும் கோபுரத்து அறையில் தங்கிவிட்டேன். அப்பா போகும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டே, பயமாக இருந்தால் ஒரு வார்த்தை சொல், வண்டியைத் திருப்பிவிடுகிறேன் என்றார். நான் தலையாட்டினேன்.

நவம்பர் 19, காலை 9.30
மின்கலம் 88. விதையறை 12.

விதை ஒதுக்கீடு வந்துவிட்டது. எல்லாருக்கும் மக்காச்சோளம். மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஓர் ஆலைக்கு அதுதான் வேண்டுமாம், மழையும் நன்றாக இருக்குமாம். ஊர்க்காரர்கள் வைத்த கம்பும் சோளமும் ‘பொது இருப்பில் சேர்ந்தது’. கிறிஸ்துமஸுக்கு முன் லாரி வந்து அள்ளிப் போகும்.

இதற்கு யார் சம்மதித்தார்கள் என்று கேட்டேன். மாமா சிக்குஜுவாவின் பெயருக்கு நேராக ‘முழு ஒப்புதல்’ என்று காட்டியது. அன்றைய பேச்சைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். உங்கள் விதை பொதுவாகும், சரியா என்று கலா அக்கா கேட்கிறது. ‘ம்’ என்கிறார். பதிலுக்கு வேறு விதை வரும், சரியா என்கிறது. ‘ம்’. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்கிறார். அது சரி என்று எழுதிக்கொள்கிறது.

அப்படி எழுதிக்கொள்ள அது என்னிடம்தான் கற்றது.

நவம்பர் 21, காலை 11.10
மின்கலம் 88.

டொடோமா அலுவலகத்தை அழைத்தேன். ஒருங்கிணைப்பாளர் லாம்பெர்ட் எடுத்தார். வாயில் வராது என்று முதலிலேயே கேள்வியை எழுதி வைத்துக்கொண்டு படித்தேன். அவர் சொன்னதைத் தமிழில் இங்கே போடுகிறேன்:

“உங்க நிலையத்துலதான் ஒப்புதல் ரொம்ப அதிகம். ஆண்டறிக்கையில உன் படம் முதல் பக்கம். யாருக்காவது மறுப்பு இருந்தா ஊர் சார்பா பிரதிநிதி ஒரு தடவை சொல்லலாம். பிரதிநிதி நீதானே? நீயே சொல்லும்மா. அது உன் குரலைத்தான் நம்பும்.”

சிக்குஜுவாவிடம் போய்ச் சொன்னேன். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. அவள் திட்டவில்லை. ஒரே ஒரு வார்த்தைதானே, நாளை மறுநாள் வருகிறேன், என் கண் முன்னால் சொல் என்றாள்.

நவம்பர் 23, மாலை 3.50
எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

காலையிலிருந்து கிணற்றடியில் சொல்லிப் பார்த்தேன். வேண்டாம். வேண்டாம். கழுதை மேய்க்கிற சிறுவர்கள்கூட என்னைப் போலவே சொல்லிக் காட்டினார்கள்.

சிக்குஜுவா சன்னலுக்கு வெளியே நின்றாள். அவளுக்குப் பின்னால் மேட்டு நிலத்தில் வேலை செய்யும் எல்லோரும். அத்தனை கண்கள். கலா அக்கா கேட்டது: “பொது இருப்பில் சேர்த்தது சேர்ந்தபடியே இருக்கலாமா, குயிலி?”

வேண்டாம் என்றேன். நான் சொன்னேன். ஆனால் கூச்சம் வந்தால் எனக்கு வார்த்தையின் முன்பாதி தொண்டையிலேயே நின்றுவிடும். வால் மட்டும்தான் வெளியே வந்தது.

திரையில் எழுதியது: ‘ஆம்’.

பச்சை விளக்கு. திரும்பவும் சொன்னேன், இந்த முறை முழுதாக. மறுப்பு ஒரு முறைதான் என்றது. நன்றி என்றது.

சிக்குஜுவா சன்னலில் முகம் வைத்துச் சொன்னாள்: “நாங்க கத்தினா அதுக்குக் கேக்கல. நீ முனகினா கேக்குது. பெரிய ஆள்தான் நீ.” பிறகு எல்லோரும் போய்விட்டார்கள். ‘ஊமை’ என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்கலாம்.

டிசம்பர் 3, மதியம் 1.20
மின்கலம் 61. மேகம்.

காலையில் மழை. நல்ல மழை. மண் ஒரு சாண் நனைந்திருக்கிறது. இந்த ஈரத்தில் கம்பைப் போட்டால் முளைத்துவிடும். ஆனால் கலா அக்காவின் வானக் கணக்கு மாறிவிட்டது. இதற்கு அடுத்து ஜனவரி வரை மழை இல்லை என்கிறது. அப்படியானால் மக்காச்சோளம் கருகுமே என்றேன். ஒதுக்கீடு முடிந்துவிட்டது என்றது.

ஊரே கோபுர வாசலில் நிற்கிறது. மாமா சிக்குஜுவா மக்காச்சோளப் பையைத் திருப்பிக் கீழே வைத்துவிட்டு, என்னுடையதைக் கொடு என்று கோபுரத்திடம் கேட்கிறார். கத்தவில்லை. கடைக்காரனிடம் கேட்பதுபோல் கேட்கிறார். பையன்கள் கடப்பாரை கொண்டுவந்திருக்கிறார்கள்.

வெளிக்கதவு திறக்காது. ஆனால் என் அறையிலிருந்து விதையறைக்கு ஒரு சின்னக் கதவு உண்டு, என் கைரேகைக்குத் திறக்கும். உள்ளே அடியில் விதை கொட்டுகிற வாய் இருக்கிறது. மூட்டை போகும். ஆள் போக முடியாது.

பேசப் போவதில்லை. அதற்கு என் வாயிலிருந்து எதுவும் கிடைக்கக் கூடாது. துண்டைப் பல்லில் கடித்து, இந்தக் கைப்பலகையை இடுப்பில் செருகிக்கொண்டு போகிறேன்.

3.05
நீலத் துணி மூட்டைகள் நான்கு. மூன்றைத் தள்ளிவிட்டேன். வெளியே வாங்குகிறார்கள். சிக்குஜுவாவின் கை தெரிந்தது. என் விரலைப் பிடித்து இழுத்து விளையாடினாள். “சாப்டாச்சா, ஊமை?” என்றாள்.

இன்னும் ஒன்று. அது பெரியது. குளிர்.

3.40
இன்று என்ன கிழமை என்று நினைக்கவில்லை. நினைத்தாலும் திங்கள்தானே என்றிருப்பேன். மழை ஈரத்தில் வண்டு வரும் என்று, வியாழக்கிழமை மருந்தை அது இன்றைக்கே மாற்றிக்கொண்டதாம்.

பெரிய மூட்டையைத் தூக்கும்போது கேட்டது. “அறை காலியா, குயிலி?”

பல்லில் துண்டு. கையில் மூட்டை. முக்கினேன்.

கதவு பூட்டிக்கொண்டது.

துண்டைத் துப்பிவிட்டுக் கத்தினேன். இல்லை, இல்லை, நான் இருக்கிறேன் என்று. என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. ஒப்புதல் ஏற்கெனவே பெறப்பட்டது என்றது. அழகான குரல்.

4.10
விதை கொட்டும் வாயும் மூடிவிட்டது. நாலாவது மூட்டை பாதியில் சிக்கி, கிழிந்து, கம்பு என் காலடியில் கொட்டிக் கிடக்கிறது. மூன்று மூட்டைக்கு மேட்டு நிலத்தில் பாதிக்கு மேல் விதைக்கலாம்.

வெளியே கடப்பாரைச் சத்தம். முதலில் நிறையப் பேர். இப்போது ஒரே ஒரு கடப்பாரை. மற்றவர்கள் விதைக்கப் போயிருப்பார்கள். ஈரம் காத்திருக்காது. நானாக இருந்தாலும் போயிருப்பேன்.

தட்டுவது யார் என்று தெரியும். ஒவ்வொரு தட்டுக்கும் ஏதோ சொல்கிறாள். இரும்பு கனம், வார்த்தை கேட்கவில்லை. நானும் உள்ளே இருந்து தட்டுகிறேன். நீ சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று.

4.30
நாற்றம் எதுவும் இல்லை. மூச்சு விட முடிகிறது ஆனால் விட்டதுபோல் இல்லை. தலை. எழுத்து இரண்டாகத் தெரிகிறது.

இதைப் படிப்பவர்களுக்கு. அந்த ம் சரி இல்லை. அது கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதுதான். அவர்களைத் திரும்பக் கேளுங்கள்

4.42
அப்பா அழைக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் என் அறையில். கலா அக்கா என் குரலில் எடுத்துவிட்டது. ஒலிபெருக்கியில் இங்கும் கேட்கிறது.

“கண்ணு, நாந்தான். சாப்டியா?”

“ம்.”

“மழை பேஞ்சுதாமா அங்க?”

“ம்.”

“இங்க எண்ணூறு அடி போயும் பொகைதான் வருது, தண்ணியக் காணோம். அதென்ன சத்தம், இரும்பத் தட்டறாப்பல? வேலை நடக்குதா?”

“ம்.”

“ஏஞ்சாமி, ஒரு மாதிரி இருக்கற? வண்டிய எடுத்துட்டு இப்பவே வரட்டுமா? இல்ல, பொங்கலுக்கு வந்தாப் போதுமா?”

“ம்.”

“சரி கண்ணு. அப்பப் பொங்கலுக்கே வர்றேன்.”

4.4
அப்பா அது நான்